குடும்ப அறையில் வெங்காய மூட்டை

1998 மே மாதம். ப்ளஸ் டூ தேர்வு முடிவு வந்த மறுநாள் அம்மா என்னைச் சிவகாசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாரணாபுரத்திலிருந்து சிவகாசி அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அம்மாவுக்குச் சிவகாசி என்றால் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு வேலை, பத்ரகாளியம்மன் கோயில் பொங்கல். இந்த மூன்றும் இல்லாமல் அவள் பஸ் ஏறியது அன்றைக்குத்தான். "நல்ல மார்க்கு எடுத்திருக்க. கடையில ஒக்காந்து பரோட்டா சாப்புடுவோம்" என்றாள்.

கிளம்புவதற்கு முன் அவள் கை கழுவியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் மண்ணெண்ணெய், பிறகு சீயக்காய், பிறகு துணி சோப்பு. பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்களின் கையில் அலுமினியத் தூள் ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு வெள்ளிக் கோடு மிச்சமிருக்கும். அதைப் பார்த்துவிட்டுச் சேலை முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். பஸ்ஸிலும் அப்படியே உட்கார்ந்து வந்தாள்.

கடையின் முன்கூடம் முழுக்க ஆண்கள். சப்ளையர் எங்களைப் பார்த்ததும், "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேர் முழுசாக நின்றுகொண்டிருந்தோம். "பொம்பளையாளுக உள்ள பேமிலி ரூமுக்குப் போங்க." உள்ளே போனோம். குடும்ப அறையில் வெங்காய மூட்டைகள் அடுக்கியிருந்தன. பெஞ்சின் மேல் காலி எண்ணெய் டின்கள். திரும்பி வந்து சொன்னபோது, "அப்ப பார்சல் வாங்கிக்கோங்கக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான்கு பரோட்டாவும் ஒரு பை சால்னாவும் வாங்கிப் பஸ் ஸ்டாண்டு சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அம்மா பாதி சாப்பிட்டுவிட்டு, "வீட்ல போயி தின்னுருக்கலாம்" என்றாள்.

அந்த வெங்காய மூட்டையைப் பற்றி இருபது வருடத்துக்கு மேல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெண்களுக்கென்று ஓர் அறையை ஒதுக்குகிறார்கள். பிறகு பெண்கள் வருவதில்லை என்று அதில் மூட்டை அடுக்குகிறார்கள். பிறகு மூட்டை இருப்பதால் பெண்கள் உட்கார முடிவதில்லை. எங்கள் பக்கத்தில் வெளியே சாப்பிடுவதன் வரலாற்றை எழுத வேண்டுமென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டக்காரர்களிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் ஊர் ஊராகச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, சாத்தூர் காராச்சேவு, விருதுநகர் எண்ணெய் பரோட்டா. எண்ணெயில் முங்க முங்கப் பொரித்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றித் தருவார்கள். விருதுநகரில் பர்மா கடை என்ற பெயரை இன்றைக்கும் பரோட்டாவோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். இந்த வட்டாரத்துக்காரர்கள் பிழைக்கப் போன நாடுகளில் பர்மாவும் ஒன்று. 1942இல் ஜப்பான் படை வந்தபோது காட்டு வழியாக நடந்தே திரும்பியவர்களின் கதை தென்மாவட்டக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. திரும்பி வந்தவர்கள் கூடவே சில ருசிகளையும் கொண்டு வந்தார்கள்.

இந்தப் பெருமைப் பட்டியலைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எந்தக் கடையில் சால்னா எப்படி, எந்த மாஸ்டர் எந்த வருடம் எந்தக் கடைக்கு மாறினார், இரவு எத்தனை மணிக்குப் போனால் கல்லிலிருந்து சூடாகக் கிடைக்கும் என்பதெல்லாம் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும் விவரங்கள். என் அத்தைக்கும் சித்திக்கும் பரோட்டாவின் ருசி தெரியும். ஆனால் ஆறிப்போன ருசி. வாழை இலையும் செய்தித்தாளும் ஊறி ஒட்டிக்கொண்ட ருசி.

*

நம்முடைய அரசியல் வரலாற்றில் சாப்பாட்டுப் பந்திக்குப் பெரிய இடம் உண்டு. 1920களின் நடுவில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறியது கிளப்பிய புயல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. வ.வே.சு. ஐயர், பெரியார், வரதராஜுலு நாயுடு எல்லோரும் அந்தப் பந்தியைச் சுற்றித்தான் நின்றார்கள். ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் இருந்தது. அதை எடுக்க 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு விடுதலை அடைந்து பத்து வருடம் கழித்து, 1957இல், திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்தது. கைதாகிச் சிறைக்குப் போனார்கள். யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் சமைத்ததை யார் தின்னலாம் என்பது இங்கே எப்போதும் ருசியைத் தாண்டிய விஷயம்.

எங்கள் வட்டாரத்துக்கு இதில் தனிக் கணக்கு இருக்கிறது. கோயிலுக்குள் போகும் உரிமை கேட்ட நாடார்கள் மீது 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து தாக்கியதைச் 'சிவகாசிக் கொள்ளை' என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த அவமானத்திலிருந்து எழுந்தவர்கள் பேட்டை கட்டினார்கள், மகமை வசூலித்தார்கள், பள்ளிக்கூடம் திறந்தார்கள். விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆனது. அதே ஆண்டில்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். 1931இல் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு விருதுநகரில் நடந்தது. பெண்கள் மாநாடும் கூடவே நடந்தது. சுயமரியாதை மாநாடுகளில் நாடார் சமையற்காரர்கள் சமைத்ததை எல்லாச் சாதியாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீண்டத்தகாதது என்று ஒதுக்கியவர்கள் கையிலிருந்தே சோறு வாங்கித் தின்பது அன்றைக்கு ஒரு புரட்சி. சந்தேகமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு கேள்வி விடாமல் நிற்கிறது. 'எல்லோருக்கும் பொது' என்று ஓட்டல் வாசல் திறந்தபோது அந்த 'எல்லோரி'ல் யார் இருந்தார்கள்? அந்தக் காலத்துக் காப்பி கிளப்பைப் பற்றி, எங்கள் ஊர் வழக்கில் கிளப்புக்கடையைப் பற்றி, எழுதப்பட்டிருப்பதைப் படித்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது பிராமணராகவோ, பிராமணரல்லாதவராகவோ, தொழிலாளியாகவோ இருப்பார். சாதி மாறும், வர்க்கம் மாறும், வேட்டி மாறாது. காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளிகளின் பானமாகவும் ஆன கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தக் காப்பியை வீட்டில் போட்டவள் எழுந்து போய்க் கிளப்புக்கடையில் உட்கார்ந்து குடித்தாளா என்று கேட்டால் பதில் சட்டென்று வந்துவிடும்.

விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவைப் பற்றிச் சொல்லும்போது 'பிடி அரிசி' என்ற சொல் தவறாமல் வரும். 1889இல் தொடங்கிய பள்ளி அது. காமராசர் படித்ததும் அங்கேதான். வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்றுப் பள்ளி நடத்தினார்கள் என்பது ஊரே பெருமையோடு சொல்லும் செய்தி. உலையில் போடுவதற்கு முன் அந்த ஒரு பிடியை எடுத்து வைத்த கை யாருடையது? ஒரு பிடி குறைந்த சோற்றை வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது யார்? மகமைக் கணக்கில் கடைக்காரர்களின் பெயர் இருக்கும். பிடி அரிசிக்குக் கணக்கு எழுதினாலும் வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள்.

எங்கள் வட்டாரப் பெண்கள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வெளியே சாப்பிடவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோயில் இருந்தது. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு வண்டி கட்டிப் போவார்கள். ஆற்று மணலில் கல் கூட்டி அடுப்பு வைப்பார்கள். பொங்கல் பொங்கும், கிடா வெட்டுவார்கள், மரத்தடியில் இலை போட்டுச் சாப்பிடுவார்கள். எங்கள் அப்பத்தாவிடம் "நீ வெளிய சாப்பிட்டிருக்கியா?" என்று கேட்டபோது, "இருக்கன்குடில தின்னுருக்கேன்" என்றாள். அவளுக்கு அதுதான் ஓட்டல். பூசாரியிடம் சொல்லிவிட்டு ஆறு மணி நேரம் மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கலாம். யாரும் 'கூட யார் வந்திருக்காங்க' என்று கேட்கமாட்டார்கள். சாமியின் பெயரைச் சொன்னால் கிடைத்த வெளி அது. நாத்திகம் பேசும் தோழிகள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். எனக்கும் சாமியிடம் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனாலும் நிழல் நிழல்தான்.

*

இங்கிலாந்தில் இந்தக் கதை எப்படி நடந்தது என்று பார்ப்பதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. கல்லூரியில் வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென ஓர் அறை' பாடமாக வந்தது. 1928இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் பேசியதை விரித்து 1929இல் அவர் வெளியிட்ட புத்தகம். அதில் வகுப்பில் எல்லோரும் பணத்தையும் அறையையும் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடித்தது சாப்பாடு. ஆண்கள் கல்லூரியில் மதிய விருந்து: மீன், கவுதாரி, ஒயின். பெண்கள் கல்லூரியில் இரவுச் சாப்பாடு: தண்ணிச் சாறு, மாட்டுக்கறி, கீரை, உருளைக்கிழங்கு, உலர்ந்த பிளம்ஸ், குடிக்கத் தண்ணீர். இரண்டு தட்டுகளை வைத்தே ஒரு நாட்டின் சொத்துக் கணக்கை அந்த அம்மாள் சொல்லிவிட்டார். படித்தபோது எனக்கு வெங்காய மூட்டை ஞாபகம் வந்தது.

அந்த நாட்டு நகரங்களிலும் 19ஆம் நூற்றாண்டில் 'மரியாதையான' பெண் ஆண் துணையின்றி வெளியே சாப்பிட இடமில்லை. சாராயக் கடை ஆண்களுக்கு, கிளப்பு கனவான்களுக்கு. அதை உடைத்தது பெரிய தத்துவம் ஏதுமில்லை. ஒரு ரொட்டிக் கம்பெனி 1864இல் லண்டனில் தேநீர்க் கடை திறந்தது. 1894இல் லயன்ஸ் என்ற நிறுவனம் பிக்காடில்லி தெருவில் தன் முதல் கடையைத் திறந்தது. மலிவு விலை, சுத்தமான மேசை, தனியாக வந்தாலும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்கள் அங்கே மதியம் சாப்பிட்டார்கள். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அந்த மேசைகளில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். அங்கே கொதித்த தேயிலையில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன பெண்கள் இலங்கை மலைகளில் பறித்ததும் இருந்தது. அந்தப் பெண்களுக்கு எந்த மேசையும் திறக்கவில்லை.

அதற்காக அங்கே எல்லாம் சீக்கிரம் சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பத்திரிகைக்காரர்கள் கூடும் லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வீனோ என்ற ஒயின் கடையில் பெண்கள் கவுண்டரில் நின்று வாங்கிக் குடிக்க முடியாது. பின்னறையில் போய் உட்கார்ந்தால்தான் கொடுப்பார்கள். டெஸ் கில், அன்னா கூட் என்ற இருவர் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டு நீதிமன்றம் அது பாகுபாடுதான் என்று சொன்னது 1982இல். பின்னறை! எங்கள் ஊர்க் குடும்ப அறைக்கு அங்கே ஓர் அக்கா இருந்திருக்கிறாள்.

*

எங்கள் ஊரில் முதன்முதலாகப் பெண்பிள்ளைகள் வீட்டுக்கு வெளியே, ஆண்பிள்ளைகளோடு ஒரே நேரத்தில், அம்மா சமைக்காத சோற்றை உட்கார்ந்து சாப்பிட்ட இடம் பள்ளிக்கூடம்தான். இதை யாரும் ஓட்டல் வரலாற்றில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். காமராசர் காலத்தில் 1956இல் மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவு. வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். தட்டு முன்னால் இருந்தது. சாம்பார் வாளியோடு ஆயா வந்தார். வீட்டில் அப்பாவும் அண்ணனும் சாப்பிட்டு எழும் வரை காத்திருக்கும் பிள்ளைக்கு அங்கே காத்திருக்க வேண்டியதில்லை. காமராசருக்கும் முன்னால், எங்கள் விருதுநகர்க்காரர் சங்கரலிங்கனார் தன் பணத்தைப் பெண்கள் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்து, வட்டியில் மாணவிகளுக்கு உப்புமா போட ஏற்பாடு செய்தார். 1956இல் தமிழ்நாடு என்ற பெயருக்காக 76 நாள் பட்டினி கிடந்து உயிரை விட்ட அதே மனிதர். பெண்பிள்ளைகளின் பசியைப் பற்றி யோசித்தவர் என்பதைச் சிலை வைக்கும்போது யாரும் சொல்வதில்லை.

பள்ளிக்கு வந்தவர்களுக்குத்தான் இந்தப் பந்தி. என் மதினி ஒன்பது வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். எங்கள் பக்கத்தில் ஆலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். விடியும் முன்னே ஆபீஸ் வண்டி ஊருக்குள் வந்து ஆரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்கி ஏற்றுவார்கள். கையில் தூக்குவாளி. அதில் ராத்திரிச் சோறு, ஊறுகாய். மதினி சத்துணவு சாப்பிட்டதே இல்லை. தம்பி சாப்பிட்டான். அவள் கட்டையில் குச்சி அடுக்கிய கூலியில்தான் தம்பியின் நோட்டுப் புத்தகம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் உலகத்துக்கு இதைக் காட்டியது. 1991 ஜூலையில் மீனம்பட்டியில் வெடித்து 39 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மதினியின் மகள் பள்ளிக்குப் போனாள். சத்துணவும் சாப்பிட்டாள். முட்டை போட்ட நாளில் மதினி அவளிடம், "பூராத்தையும் நீயே தின்னியா?" என்று கேட்பாள். கொண்டு வரவில்லையே என்ற ஏக்கம் அதில் இல்லை. பூராவும் தின்றாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பரோட்டாவுக்குள் இருக்கும் மைதா எங்கள் வீடுகளுக்கு முதலில் வந்தது சாப்பிடுவதற்காக இல்லை. பெட்டி ஒட்டுவதற்காக வந்தது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டைப் பெட்டி ஒட்டும் வேலை பெண்களுக்கு. எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கி, மயில்துத்தம் கலந்து வைப்பார்கள். நீலம் பாரித்திருக்கும். பசியெடுத்த பிள்ளை கையை விட்டு நக்கிவிடக் கூடாது என்பதற்கும் அந்தத் துத்தம் உதவியது. அதே மாவு, கடைவீதிக்குப் போனால் மாஸ்டர் கையில் எண்ணெய் குடித்து, வீசி, மடங்கி, கல்லில் வெந்து, இரண்டு கையால் தட்டி அடுக்கடுக்காக வரும். மாவு ஒன்றுதான். ஆணுக்குப் பண்டமாகவும் பெண்ணுக்குப் பசையாகவும் வந்தது.

ஆனாலும் பரோட்டாவை நான் திட்டப்போவதில்லை. மைதா உடம்புக்கு ஆகாது என்று வாரம் ஒரு கட்டுரை வருகிறது. எழுதுகிறவர்களில் எத்தனை பேர் சனிக்கிழமை மாலை எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்திருக்கிறார்கள்? சனிக்கிழமை சம்பள நாள். எட்டு மணி நேரம் மருந்து அறையிலோ பேக்கிங்கிலோ உட்கார்ந்து வந்தவள் வீட்டுக்கு வந்ததும் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். பரோட்டாவை வீட்டில் செய்ய முடியாது, செய்யும் பொறுமையும் இருக்காது. அதனாலேயே பரோட்டா வந்த ராத்திரி அடுப்புக்கு விடுமுறை. அம்மா சனிக்கிழமையை எதிர்பார்த்ததற்கு ருசி பாதிக் காரணம்தான். அன்றைக்கு அவள் எட்டரை மணிக்கே காலை நீட்டிவிடலாம். பார்சல் கொண்டு வரும் அப்பா கடையிலேயே சூடாக நாலு சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சால்னா வாசனை சட்டையில் இருக்கும். கேட்கமாட்டோம்.

வேலை இடத்துச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து இருக்கும் அறையில் சாப்பிடக் கூடாது. தள்ளியிருக்கும் கொட்டகைக்கோ வேப்பமரத்தடிக்கோ வர வேண்டும். அங்கே வட்டமாக உட்கார்ந்து குழம்பு மாற்றிக்கொள்வார்கள். யார் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, யார் வட்டிக்கு வாங்கினாள் என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பேசித் தீரும். டீக்கடை பெஞ்சில் ஆண்கள் பேசுவதை அரசியல் என்கிறோம். இந்த வேப்பமரத்தடிப் பேச்சுக்கு நாம் பெயர் வைக்கவில்லை. என் சித்தி ஒருநாள் கையில் ஒட்டிய மருந்து போகவில்லை என்று குழாயடியிலேயே நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் அறை வெடித்தது. சோற்றுக்குக் கை கழுவியதால் பிழைத்தவள். சித்தியின் பக்கத்துக் கட்டையில் வேலை பார்த்தவள் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு முன்னமே உள்ளே போய்விட்டாள். எண்ணிக்கைக் கூலியில் அரை மணி நேரம் என்பது காசு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் செத்தபோது சித்தி டிவி முன்னால் உட்கார்ந்து அன்று முழுக்கச் சோறு தொடவில்லை.

உட்கார்வது என்று பேசும்போது இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தென்மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. தலித் மக்களுக்குத் தனிக் குவளை, சில இடங்களில் சிரட்டை. பெஞ்சில் உட்கார முடியாது. அந்தத் தெருவிலிருந்து வந்த பெண்ணுக்குக் குடும்ப அறைப் பிரச்சினையே எழவில்லை. வாசலைத் தாண்டினால்தானே அறை. ஒரு காலத்தில் கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் கொதித்தெழுந்த அதே மண்ணில், பின்னால் வந்த கடை வாசல்களில் வேறு சிலர் நிறுத்தப்பட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும். எங்களோடு ஆபீசில் ஒரே கட்டையில் வேலை பார்த்த அக்கா ஒருவர் என் அம்மாவின் தூக்குவாளிக் குழம்பைச் சாப்பிடுவார். அவர் குழம்பை அம்மா முதல் நாள் வாங்கவில்லை. எத்தனையாவது நாள் வாங்கினாள் என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றுவாள். அம்மா மேல் எனக்குள்ள கோபங்களில் அது ஒன்று.

*

மாற்றம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஓட்டல்காரர்கள் மனம் மாறியதாகத் தெரியவில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகம் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுத்தது. சமைத்ததும் பரிமாறியதும் சுய உதவிக் குழுப் பெண்கள். அங்கே நின்றுகொண்டே சாப்பிடும் கட்டடத் தொழிலாளிப் பெண்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களிடம் கூட யார் வந்தார்கள் என்று கேட்கவில்லை. எல்லோரும் சமமாக நின்றார்கள், உட்கார யாருக்குமே இடமில்லை என்பது வேறு விஷயம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அந்த மாதங்களில் எங்கள் தெருவில் பார்சலும் வரவில்லை. அப்போது இரண்டு பெண்கள் வாசலில் இட்லிக் கடை போட்டார்கள். ஒருத்தி இன்னும் நடத்துகிறாள். அவள் கடையில் மாலை ஆறு மணிக்குப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளியம்மா பெண் என்றால் பெஞ்சும் கொஞ்சம் மாறுகிறது.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. இதைப் பற்றிக் கேலி பேசாத டீக்கடை எங்கள் ஊரில் இல்லை. 'ஓசி' என்ற சொல்லை அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எழுதிக் காட்ட முடியாது. பெண்களின் சம்பளக் கணக்கில் பஸ் காசு என்பது கணவனிடம் காரணம் சொல்லி வாங்க வேண்டிய காசு. காரணம் என்றால் ஆஸ்பத்திரி, ரேஷன் கார்டு, கோயில். காசு வேண்டாம் என்றபோது காரணமும் வேண்டாம் என்று ஆனது. மும்பையை வைத்து 2011இல் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதிய நூலில் பெண்கள் காரணமே இல்லாமல் ஊரில் சுற்றும் உரிமையைக் கேட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது இது பெருநகரத்துப் பேச்சு என்று நினைத்தேன். எங்கள் ஊர் அக்காக்கள் அந்தப் புத்தகத்தைப் படிக்காமலே நாரணாபுரம் நிறுத்தத்தில் பஸ் ஏறினார்கள்.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவும் சித்தியும் மதினியும், பக்கத்துத் தெருவிலிருந்து அந்த அக்காவும் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி நின்றார்கள். எங்கே என்று கேட்டேன். "சும்மா சிவகாசிக்கு" என்றாள் அம்மா. நானும் ஏறிக்கொண்டேன். கடை வேறு கடை. குடும்ப அறை என்று தனியாக எதுவும் இல்லை, மாடியில் ஏசி ஹால் இருக்கிறதாம். சப்ளையர் பையன், "மேல போங்கம்மா, ஏசி இருக்கு" என்றான். மாடியில் விலை கூட என்று மதினிக்குத் தெரியும். "இங்கனயே காத்து வருதுப்பா" என்று சொல்லி, கல்லுக்கு நேர் எதிரே இருந்த மேசையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பக்கத்து மேசையில் நான்கு ஆண்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அவர்கள் பரோட்டாவைப் பார்த்தார்கள்.

அம்மா ஆபீசுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது. நகக்கண்ணில் அந்த வெள்ளிக் கோடு இப்போது இல்லை. இருந்தாலும் உட்கார்ந்ததும் பழக்கத்தில் முந்தானையை இழுத்துக் கையை மூடினாள். மாஸ்டர் கல்லில் வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் தட்டியபோது அந்தச் சத்தத்துக்குச் சித்தி ஒரு கணம் தோளைக் குறுக்கினாள். அக்கா அவள் முதுகில் கை வைத்தார். இலை வந்தது. அம்மா முந்தானையை விட்டுவிட்டுப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டாள். முதல் வாய் வைத்ததும் நாக்கைச் சுட்டுக்கொண்டு, "யாத்தே, இம்புட்டுச் சூடாவா இருக்கும்?" என்றாள். பிறகு பையனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சால்னா ஊற்றச் சொன்னாள்.